சீமைச் சுண்ணாம்பும் ஐந்து அட்டைகளும்

ஐந்து வயதுக் குழந்தைக்குக் கோடிங் கற்பிக்க வேண்டும் என்ற ஆவல் இன்று பெற்றோர் பலருக்கும் உண்டாகியிருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்கு மேல் தனிக் கட்டணம் செலுத்தியும், டாப்லெட் வாங்கிக் கொடுத்தும், மாலை வேளைகளில் திரைக்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்தும் அந்த ஆவலை அவர்கள் நிறைவேற்றிக்கொள்ள முயல்கிறார்கள். தம் மக்கள் காலத்தோடு ஒட்டி முன்னேற வேண்டுமே என்ற கவலையினால் செய்யப்படும் இந்த முயற்சியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், கம்ப்யூட்டர் சாஸ்திரத்தைக் கற்பதற்குக் கம்ப்யூட்டரே முதற் சாதனம் என்று அவர்கள் எண்ணுவது சரியல்ல என்பதையும், இளம் பிராயத்தில் அந்தச் சாஸ்திரத்தின் மூலக் கருத்துகளை இயந்திரத்தின் துணையின்றிக் கற்பதே சுலபமும் உறுதியுமான வழி என்பதையும், அந்த வழியில் முப்பது ஆண்டுகளாக உழைத்தவர்களின் அனுபவத்தைக் கொண்டு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நியூசிலாந்தின் தென்தீவில் கிறைஸ்ட்சர்ச் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள கான்டர்பரி பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் விஞ்ஞானப் பேராசிரியராக விளங்கிய டிம் பெல் என்பவரும், கணக்குகளின் கடினத்தை அளந்து வகைப்படுத்தும் துறையில் பெரும் பெயர் பெற்ற மைக் ஃபெலோஸ் என்பவரும், தகவல்களைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகளில் வல்லவரான இயன் விட்டன் என்பவரும் ஒன்று சேர்ந்து, குழந்தைகளுக்கென்று தாங்கள் வகுத்த விளையாட்டுகளைத் தொகுத்து 1998-இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார்கள். ‘கம்ப்யூட்டர் சயன்ஸ் அன்பிளக்டு’ என்று அதற்குப் பெயர். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது பெயர்க்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர்கள் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தவும் கிடைக்கிறது. சீமைச் சுண்ணாம்பு, அட்டைகள், ஒரு தராசு, கொஞ்சம் கயிறு, ஓடியாட ஒரு முற்றம், இவ்வளவே அதற்கு வேண்டிய சாமான்கள். ஆனால், குழந்தைகளுக்காக என்று எண்ணி அந்த மூவரும் விஷயத்தை நீர்த்துப் போகச் செய்துவிடவில்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன் கறுப்புப் பலகையைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்ளும் அதே கருத்துகளைத்தான் ஏழு வயதுக் குழந்தை தரையில் நடந்து கண்டுபிடிக்கும்படி அமைத்தார்கள். அந்தப் புத்தகத்தின் பெருமை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இயந்திரம் கைக்கு எட்டும்போது அதை விலக்கிவைத்துக் கற்பிப்பானேன் என்று கேட்கலாம். கம்ப்யூட்டர் தன் வேலையை நமக்குக் காட்டாமலே செய்து முடிக்கிறது. ஒரு விநாடிக்குள் கோடிக்கணக்கான படிகளைக் கடந்து விடையை மட்டும் திரையில் நிறுத்துகிறது. அந்த விடை எப்படி வந்தது, வேறு வழியில் வந்திருந்தால் எவ்வளவு காலம் பிடித்திருக்கும், எந்தப் படியில் பிசகு நேர்ந்தது என்பவையெல்லாம் குழந்தையின் கண்ணுக்குப் படுவதில்லை. போதாக்குறைக்கு, திரையில் நிறமும் ஒலியும் அசையும் உருவங்களும் சேர்ந்துகொள்ள, குழந்தையின் கவனம் கருத்தை விட்டுக் காட்சியின்மீது சென்றுவிடுகிறது. பொத்தானை அழுத்திப் பார்ப்பது, பலிக்கவில்லையென்றால் வேறொன்றை அழுத்திப் பார்ப்பது என்ற பழக்கம் படிந்துவிட்டால், யோசித்துச் செய்யும் பழக்கம் பிறகு வருவது சிரமம். சங்கீதம் பயிலும் சிறுமி வீணையைத் தொடுவதற்கு முன்னால் தொடையில் கைதட்டித் தாளம் போடக் கற்கிறாள் அல்லவா? அதுபோல, கட்டளை, வரிசை, நிபந்தனை, மீண்டும் செய்தல் என்னும் இவற்றின் கதி உடம்பில் ஊறிய பிறகு இயந்திரத்தைத் தொடுவதே உசிதம்.

இந்த விளையாட்டுகளில் மிகச் சிறிய குழந்தைகளுக்கு உரியது ஒன்றைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். முற்றத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டங்கள் போட்டு, ஒரு கட்டத்தில் பொம்மை ஒன்றை வைக்கிறார்கள். குழந்தைகள் மூன்று பேர். ஒருத்தி கட்டளை எழுதுகிறவள், ஒருவன் இயந்திரம், மூன்றாமவர் சோதிக்கிறவர். ‘ஓர் அடி முன்னே போ’, ‘இடப்பக்கம் திரும்பு’, ‘வலப்பக்கம் திரும்பு’ என்ற மூன்று கட்டளைகளைத் தவிர வேறு எதுவும் கூடாது. அவற்றையும் வாயால் சொல்லக் கூடாது. அம்புக்குறிகளாகக் காகிதத்தில் வரிசையாக எழுதி முடித்துவிட வேண்டும். எழுதி முடித்த பிறகே இயந்திரமாகிய பையன் நடக்கத் தொடங்குவான். அவன் தன் சொந்த புத்தியைச் சிறிதும் உபயோகிக்கக் கூடாது. கட்டளை அவனைச் சுவரில் முட்டச் சொன்னால் முட்டப் போகத்தான் வேண்டும். பிசகு கண்டவுடன் சோதிக்கிறவர் ‘நில்’ என்று கூவுவார். காகிதம் எழுதினவளிடமே திரும்பிப் போகும். அவள் திருத்திய பின் பையன் மறுபடியும் முதற் கட்டத்திலிருந்து நடப்பான். நடுவழியில் நின்று ஒட்டுப்போடுவதற்கு இடமில்லை.

இவ்வளவு எளிய விளையாட்டில் குழந்தைகள் எங்கே இடறுகிறார்கள் என்று கவனித்தால் பல நுட்பங்கள் புலப்படும். ‘வலப்பக்கம் திரும்பு’ என்ற அம்புக்குறியைப் பார்த்ததும், நின்ற இடத்திலேயே திரும்புவதற்குப் பதிலாக, வலப்பக்கத்துக் கட்டத்துக்கே போய்விடுவது அநேகமாக எல்லாக் குழந்தைகளும் முதலில் செய்யும் பிசகு. திரும்புவது ஒரு செய்கை, நகர்வது வேறொரு செய்கை என்பதைப் பெரியவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. நமக்கு அவை இரண்டும் ஒன்றாகவே கலந்துபோயிருக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியம் நேரும்போதுதான், ஒரு காரியத்தை அதன் மிகச் சிறிய உறுப்புகளாகப் பகுத்தறியும் சக்தி குழந்தைக்கு உண்டாகிறது. அடுத்த இடறல், இயந்திரம் எழுதுகிறவளை நோக்கி முகம் திருப்பி நிற்கும்போது ஏற்படுகிறது. அவனுடைய வலம் அவளுக்கு இடம். எதிரே நிற்பவரின் வலக்கை எது என்று நிச்சயமாகச் சொல்லும் ஆற்றல் குழந்தைகளுக்கு ஏழெட்டு வயதில்தான் அமைகிறது என்பதை ஸ்விட்சர்லாந்து நாட்டு மனோதத்துவ நிபுணர் ழான் பியாஜே வெகுகாலத்துக்கு முன்பே ஆராய்ந்து எழுதினார். ஆறு வயதுச் சிறுமி இந்த இடத்தில் என்ன செய்கிறாள் தெரியுமா? காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போய், அந்தப் பையனுக்குப் பின்னால் நின்று, அவன் முகம் பார்க்கும் திசையில் தானும் முகத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிறாள். தன் நிலையை விட்டு மற்றொன்றின் நிலையில் நின்று பார்ப்பது என்ற அந்த அப்யாசத்தைத் திரையில் ஓடும் எந்தப் படமும் அவளுக்கு அவ்வளவு முழுமையாக அளித்துவிட முடியாது.

பொம்மை தூரத்தில் இருந்தால் ‘முன்னே போ’ என்ற குறியை ஏழெட்டுத் தடவை எழுத நேர்கிறது. சில நாட்களில் யாரேனும் ஒரு குழந்தை சலித்துப் போய், ஒரே ஓர் அம்புக்குறியைப் போட்டு அதன் பக்கத்தில் 7 என்று எழுதி விடுகிறது. அன்றைக்கு அந்த வகுப்பில் ‘மடக்குக் கட்டளை’ என்ற பெரிய விஷயம் பிறந்துவிட்டது என்று உபாத்தியாயர் சந்தோஷப்படலாம். அவர் அதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தால் அது ஒரு விதியாக மட்டுமே மனத்தில் நின்றிருக்கும். குழந்தை தானே தேவையை உணர்ந்து கண்டுபிடித்ததனால் அது அதன் உடைமையாகி விடுகிறது.

உடம்பைக் கொண்டு கற்பது என்ற இந்தக் கொள்கை கிறைஸ்ட்சர்ச்சில் புதிதாகத் தோன்றியதல்ல. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, ஜெனீவாவில் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றி, பிறகு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்ற சீமோர் பேப்பர்ட் என்ற கணித மேதை, தம் நண்பர்களுடன் சேர்ந்து 1967-இல் ‘லோகோ’ என்ற கட்டளைமொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார். தரையில் ஊர்ந்து கோடு போடும் ‘ஆமை’ என்ற இயந்திரம் ஒன்று அந்த மொழிக்குக் கட்டுப்பட்டு நடந்தது. ஆமையை வட்டம் போடச் செய்வது எப்படி என்று கேட்ட குழந்தைக்கு, ‘நீயே ஆமையாகி நடந்து பார்’ என்பதே அவர் காட்டிய வழி. குழந்தை நடந்து பார்த்து, ‘கொஞ்சம் நடக்கிறேன், கொஞ்சம் திரும்புகிறேன், மறுபடியும் கொஞ்சம் நடக்கிறேன்’ என்று தெரிந்துகொள்ளும். அந்த வாக்கியமே கட்டளையாகிவிடும். மையத்திலிருந்து சம தூரத்தில் உள்ள புள்ளிகளின் தொகுதி என்று வாய்ப்பாடம் செய்த பிள்ளைகளைவிட வட்டத்தின் ஸ்வபாவத்தை இந்தக் குழந்தை நன்றாக அறிந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இனி, தலைப்பில் சொன்ன ஐந்து அட்டைகளுக்கு வருவோம். முதல் அட்டையில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு என்று புள்ளிகள் இட்டு, ஐந்து குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, பதினாறு புள்ளி அட்டை இடக்கோடியில் வரும்படி ஆளுக்கொன்று கொடுக்கிறார்கள். அட்டையைப் புள்ளி தெரியும்படி காட்டலாம், அல்லது திருப்பி மறைக்கலாம். வேறு எதுவும் செய்யக் கூடாது. ‘மொத்தம் ஆறு புள்ளிகள் தெரிய வேண்டும்’ என்கிறார் ஆசிரியர். நான்கும் இரண்டும் முகம் காட்டுகின்றன. ‘இருபத்தொன்று?’ பதினாறும் நான்கும் ஒன்றும் காட்டுகின்றன. பூஜ்யத்திலிருந்து முப்பத்தொன்று வரையில் எந்த எண்ணைக் கேட்டாலும் அந்த ஐந்து அட்டைகளைக் கொண்டு காட்டிவிட முடிகிறது. ஒவ்வோர் எண்ணையும் காட்ட ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்பதும் சற்று நேரத்தில் தெரிந்துவிடுகிறது. பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டு போகச் சொன்னால், ஒற்றைப் புள்ளி அட்டையை வைத்திருக்கும் குழந்தை ஒவ்வொரு தடவையும் புரட்டிக்கொண்டே இருக்க, பதினாறு புள்ளி அட்டைக்காரக் குழந்தை பதினைந்து எண்ணிக்கை வரை பேசாமல் நின்றுவிட்டு, பதினாறாவதில் திடீரென்று விழித்துக்கொள்ளும். அப்போது வகுப்பில் எழும் சிரிப்புக்கு நடுவே, கம்ப்யூட்டர் தன் எண்களையெல்லாம் எழுதிவைக்கும் இருமை முறை அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்ததாகி விடுகிறது. இன்னொரு அட்டை சேர்ந்தால் அதில் எத்தனை புள்ளி இருக்க வேண்டும் என்று கேட்டால் முப்பத்திரண்டு என்று பதில் வருகிறது. ஏன் என்று கேட்டால், முன்னுள்ள எல்லா அட்டைகளின் கூட்டுத்தொகைக்கு மேல் ஒன்று என்று ஒரு குழந்தையும், கடைசி அட்டையின் இரட்டிப்பு என்று மற்றொரு குழந்தையும் சொல்லும். இரண்டும் ஒன்றே என்பதை வைத்து இன்னொரு மணி நேரம் பேசலாம்.

தமிழ் யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல. நேர், நிரை என்னும் இரண்டே அசைகளைக் கொண்டு, ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு என்று நம் முன்னோர் வகுத்தார்கள். ஓர் அசை கூடும்போதெல்லாம் சீரின் வகை இரட்டிக்கிறது. ஓர் அட்டை கூடும்போதெல்லாம் காட்டக்கூடிய எண்களும் அவ்வாறே இரட்டிக்கின்றன. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று நெட்டுருப் போட்ட மாணவர்கள், இரண்டு அட்டைகளைக் கையில் கொடுத்ததும் அந்த நான்கையும் காட்டிவிட முடியும். தமிழ் ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து நடத்துவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எளிதில் வாய்க்காது.

தரையில் வரையும் விளையாட்டுகளில் எனக்கு மிகவும் பிரியமானது வரிசைப்படுத்தும் வலைப்பின்னல். ஒரு முனையில் ஆறு சதுரங்கள், மறுமுனையில் ஆறு சதுரங்கள், நடுவே கோடுகள். கோடுகள் இரண்டிரண்டாகச் சந்திக்கும் இடங்களில் வட்டங்கள். ஆறு குழந்தைகள் ஆளுக்கோர் எண்ணட்டையுடன் ஒரு முனையில் ஏதோ ஒரு வரிசையில் நிற்கிறார்கள். கோட்டின் வழியே நடந்து வட்டத்தை அடைந்ததும் மற்றொரு குழந்தை வருகிறவரை காத்திருந்து, இருவரும் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்து, சிறிய எண்ணுக்குரியவர் இடப்பக்கக் கோட்டிலும் பெரிய எண்ணுக்குரியவர் வலப்பக்கக் கோட்டிலும் போக வேண்டும். இப்படியே நடந்து மறுமுனைக்கு வந்து சேரும்போது ஆறு பேரும் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக நிற்கிறார்கள். எந்த வரிசையில் புறப்பட்டாலும் இப்படியே முடிகிறது. ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் முழு வரிசை தெரியாது. ஒவ்வொருவரும் வழியில் சந்தித்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததைத் தவிர வேறொன்றும் அறியார். அப்படியிருந்தும் மொத்தத்தில் ஒழுங்கு உண்டாகிவிட்டது.

அந்த வலையில் பன்னிரண்டு வட்டங்கள் இருக்கின்றன. ஒரே ஆள் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு போனால் பன்னிரண்டு தடவை ஒப்பிட வேண்டியிருக்கும். ஆனால், ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வட்டங்களில் சந்திப்பு நடைபெறுவதனால் ஐந்து சுற்றுகளிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. பலர் ஒருங்கே வேலை செய்தால் காலம் மிச்சமாகும் என்பதும், அப்படிச் செய்தாலும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டிய இடங்கள் உண்டு என்பதும், இன்றைய பெரிய கம்ப்யூட்டர்களை அமைப்போரின் தீராத பிரச்சினைகள். அவசரக்காரப் பையன் ஒருவன் தோழிக்காக நிற்காமல் வட்டத்தைக் கடந்துபோய்விட, மறுமுனையில் வரிசை குலைந்து நிற்பதைப் பார்த்ததும், அந்தப் பிரச்சினை என்ன என்பது ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் அனைவருக்கும் விளங்கிவிடுகிறது. எண்களுக்குப் பதிலாகச் சொற்களைக் கொடுத்து அகராதி வரிசையில் நிற்கச் செய்யலாம். பிறந்த நாளை வைத்து நடக்கச் செய்யலாம். கடைசியில், எதிர்முனையிலிருந்து புறப்பட்டு வந்தாலும் வரிசை அமையுமா என்ற கேள்வியைப் போட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நின்றுவிட வேண்டும். சில சமயம் அமைந்துவிடும். ஆனால் எப்போதும் அமையாது. அந்த ‘எப்போதும்’ என்ற சொல்லின் கனத்தைப் பத்து வயதில் உணர்ந்துவிட்டால், சில உதாரணங்கள் பலித்ததைக் கொண்டு பொது விதி செய்துவிடும் குற்றத்துக்கு அந்தப் பிள்ளை பிற்காலத்தில் எளிதில் ஆளாகாது.

வரிசைப்படுத்துவதிலேயே சிக்கனமான வழியும் வீண் வழியும் உண்டு என்பதைத் தராசு விளையாட்டு காட்டுகிறது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் டப்பாக்களில் வெவ்வேறு அளவு மணல் நிரப்பி, இரண்டிரண்டாக நிறுத்துப் பார்த்து அடுக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் இலேசானதைத் தேடி எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் இலேசானதைத் தேடுவது குழந்தைகள் இயல்பாகக் கையாளும் முறை. பத்து டப்பாக்களுக்கு நாற்பத்தைந்து நிறுவைகள் ஆகும். ஏதேனும் ஒன்றை நடுவாக வைத்து, அதைவிட இலேசானவை ஒரு பக்கம், கனமானவை மறு பக்கம் என்று பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் மீண்டும் அப்படியே பிரித்துக்கொண்டு போவது மற்றொரு முறை. டோனி ஹோர் என்ற ஆங்கிலேய இளைஞர் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தபோது, ரஷ்ய மொழிச் சொற்களை அகராதி வரிசையில் அடுக்கும் தேவை நேர்ந்து கண்டுபிடித்த யுக்தி இது. ஆயிரம் பொருள்களை அடுக்க முதல் முறைக்கு 4,99,500 ஒப்பீடுகள் வேண்டும்; ஹோர் முறைக்குச் சராசரியாக ஏறத்தாழ 11,000 போதும். இந்த எண்களைக் குழந்தையிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. கை வலிக்க நிறுத்துப் பார்த்த குழந்தைக்கு எந்த முறை மேல் என்பது தானே தெரியும்.

ஒரு மாய வித்தையும் இந்தத் தொகுப்பில் இருக்கிறது. ஒரு பக்கம் கறுப்பும் மறு பக்கம் வெளுப்புமான அட்டைகளைக் குழந்தை ஒன்று தன் இஷ்டப்படி ஐந்துக்கு ஐந்தாக அடுக்குகிறது. ‘இன்னும் கொஞ்சம் கடினமாக்கலாமே’ என்று சொல்லிக்கொண்டு ஆசிரியர் ஒரு வரிசையும் ஒரு பத்தியும் கூட்டி, ஆறுக்கு ஆறாக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். யாரோ ஓர் அட்டையை மட்டும் புரட்டிவைக்கிறார்கள். திரும்பிப் பார்த்ததும் அவர் அதைச் சரியாகத் தொட்டுக் காட்டுகிறார். ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் கறுப்பு அட்டைகள் இரட்டைப்படையாக வரும்படி அவர் கூட்டியிருந்ததும், புரட்டிய அட்டை இருக்கும் வரிசையும் பத்தியும் ஒற்றைப்படையாகிவிட்டதும்தான் அதன் ரகசியம். தகவல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும்போது நேரும் பிழையைத் தானே கண்டறிந்து திருத்திக்கொள்ளும் குறியீடுகளைப் பற்றி அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் எழுதிய கட்டுரை இந்த மார்க்கத்தைச் சேர்ந்தது. நம் ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கமும் மற்றப் பதினொன்றிலிருந்து கணக்கிட்டுச் சேர்க்கப்படும் காவல் இலக்கமே. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும், பக்கத்திலுள்ள இரண்டை இடம் மாற்றி எழுதினாலும் பிசகு வெளியாகிவிடும். வித்தையின் ரகசியம் தெரிந்த குழந்தைகள், ஆசிரியரை ஏமாற்ற எத்தனை அட்டைகளைப் புரட்ட வேண்டும் என்று ஆராயத் தொடங்குவார்கள். நீள்சதுரத்தின் நான்கு மூலைகளில் உள்ள நான்கு அட்டைகளைப் புரட்டினால் வித்தை தோற்றுப்போகும் என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும்.

பொறுத்திருப்பது என்றேன். இந்தக் கல்வியில் கடினமான பகுதி அதுதான். விளையாட்டுகள் சுலபம், அட்டைகளைக் கத்தரிப்பதும் சுலபம். விடை தெரிந்த பெரியவர் ஒருவர், விடையை நோக்கித் தட்டுத் தடுமாறி வந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு எதிரில் வாய் திறவாமல் நிற்பதுதான் சிரமம். முப்பத்தைந்து நிமிஷத்துக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருக்கிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்க்கிறார். இந்த நெருக்கடியில் விதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, விளையாட்டை அதற்கு உதாரணமாக நடத்திக் காட்டிவிட்டால், மிஞ்சுவது பழைய பாடமுறையே. மற்றொரு பிசகு எதிர்ப்பக்கத்தில் நேர்கிறது. குழந்தைகள் குதூகலமாக விளையாடினார்கள் என்ற திருப்தியோடு நின்றுவிட்டு, விளையாட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லாமலே விட்டுவிடுவதுண்டு. இஸ்ரேலில் மொர்தெகாய் பென்-ஆரி முதலானோர் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடையே ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த விளையாட்டுகளால் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தைப் பற்றிய மாணவர்களின் எண்ணம் ஓரளவே மாறிற்று என்றும், விளையாட்டை அந்தச் சாஸ்திரத்தின் கருத்துகளோடு வெளிப்படையாக இணைத்துக் காட்ட வேண்டும் என்றும் எடுத்துக்காட்டினார்கள். இந்த முறையை நேசிப்பவர்கள் மறந்துவிடக் கூடாத எச்சரிக்கை இது.

நெதர்லாந்தில் ஃபெலியன் ஹெர்மன்ஸ் என்ற அறிஞரும் அவருடைய சகாவும் முப்பத்தைந்து ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட சோதனை வேறு விதமானது. ஒரு சாராருக்கு எட்டு வாரமும் ‘ஸ்க்ராட்ச்’ என்னும் கட்டளைமொழியைக் கம்ப்யூட்டரிலேயே கற்பித்தார்கள். மற்றொரு சாரார் முதல் நான்கு வாரம் கம்ப்யூட்டரைத் தொடாமல் விளையாட்டுகளைச் செய்துவிட்டு, மிஞ்சிய நான்கு வாரம் மட்டும் ஸ்க்ராட்ச் பயின்றார்கள். முடிவில் கருத்துகளை அறிந்திருந்த அளவில் இரு சாராருக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் விளையாட்டில் தொடங்கியவர்களுக்குத் தங்கள் திறமையில் நம்பிக்கை அதிகமாக இருந்தது. அவர்கள் உபயோகித்த கட்டளைகளின் வகையும் பெருகியிருந்தது. முப்பத்தைந்து குழந்தைகள் என்பது சிறு தொகைதான். அதைக் கொண்டு பெரிய சித்தாந்தம் எதையும் நாட்ட நான் துணிய மாட்டேன். ஆயினும், இயந்திரத்தின் முன் பாதிக் காலமே உட்கார்ந்த பிள்ளைகள் எந்த விதத்திலும் பின்தங்கிவிடவில்லை என்பது, தனிக் கட்டணம் செலுத்தும் பெற்றோர் கவனிக்கத்தக்க செய்தி.

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுமுதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் கம்ப்யூட்டர் பாடம் உண்டு. நியூசிலாந்து 2017-இல் வகுத்து 2020-இலிருந்து பள்ளிகள் கைக்கொள்ள வேண்டுமென்று விதித்த பாடத்திட்டத்தின் முதற்படியோ, கம்ப்யூட்டர் சம்பந்தமில்லாத எளிய காரியங்களைத் துல்லியமான கட்டளைகளாகப் பகுக்கவும், அவற்றில் உள்ள பிழையைக் கண்டு திருத்தவும் குழந்தை அறிய வேண்டும் என்பதேயாகும். நம் நாட்டில் ஏ.சி.எம். இந்தியா என்ற கம்ப்யூட்டர் அறிஞர் சங்கம் 2016-இல் தொடங்கிய ‘சிஎஸ் பாடசாலா’ இந்த முறையை ஆசிரியர்களிடம் பரப்பி வருகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கணக்குப் புத்தகங்களில் ‘தகவல் செயலாக்கம்’ என்று ஓர் இயல் சேர்ந்திருப்பதைப் பிள்ளைகள் வைத்திருக்கும் வீட்டார் பார்த்திருக்கலாம். பரீட்சைக்கு அதிகம் வராத பகுதியென்று அதை அவசரமாகப் புரட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் பக்கங்களை முற்றத்துக்குக் கொண்டுபோய் நடத்தக்கூடிய ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்துவிட்டால் எவ்வளவோ நன்மை உண்டாகும்.

கோலத்தின் விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், அவர்களோடு கமலா கிருத்திவாசனும், கோலங்கள் வளரும் முறையை விதிகளாக எழுதிவிட முடியும் என்பதைக் காட்டி 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் மொழிகளின் இலக்கணத்தை ஆராயும் துறையில் அது மதிப்புடன் எடுத்துப் பேசப்படுவது. கிறைஸ்ட்சர்ச் தொகுப்பிலோ, ஒரு குழந்தை தன் கையிலுள்ள படத்தை மற்றவர்களுக்குக் காட்டாமல் வார்த்தைகளாலேயே விவரிக்க, மற்றவர்கள் கேட்டு வரையும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. முதல் தடவை கேள்வி கேட்கலாம், அடுத்த தடவை கேட்கவும் கூடாது. ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றை அக்காள் இவ்வாறு சொல்லத் தங்கை திரும்பி உட்கார்ந்துகொண்டு போடட்டும். ‘அந்தப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு வா’ என்றால் எந்தப் புள்ளி, எந்தப் பக்கமாக என்ற சந்தேகம் உடனே எழும். புள்ளிகளுக்கு வரிசை எண் கொடுத்தாலொழியக் காரியம் நடக்காது என்பதை அக்காளே அறிந்து கொடுத்துவிடுவாள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாமலே கற்பிக்கலாம் என்பதை ஏழைப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை என்பதற்கு ஒரு சமாதானமாக யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. கட்டளை எழுதத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, அந்தக் கட்டளைக்கு உண்மையான இயந்திரம் கீழ்ப்படிவதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தே ஆக வேண்டும். அது கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும். முற்றத்தில் விளையாடுவது அதற்கு முன்னதாக நடக்க வேண்டியது என்பதும், கம்ப்யூட்டர் வந்த பிறகும் புதிய கருத்து ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம் முற்றத்துக்குத் திரும்பி வரலாம் என்பதுமே இந்த முறையின் தாத்பரியம்.

வீட்டிலோ பள்ளியிலோ தொடங்க நினைப்பவர்கள், ஐந்தாறு வயதுக்குக் கட்டத்தில் நடக்கும் விளையாட்டையும், ஏழெட்டு வயதுக்குப் புள்ளி அட்டைகளையும் தராசையும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு வலைப்பின்னலையும் கறுப்பு வெள்ளை வித்தையையும் எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒன்று போதும். பழைய காலண்டர் தாளைப் பின்புறம் தெரியும்படி ஒட்டி அட்டைகள் செய்துகொள்ளலாம். புள்ளிகளைக் குழந்தைகளையே இடச் சொல்வது நல்லது, ஏனென்றால் பதினாறு புள்ளிகளை எண்ணி இடும்போதே பாடம் பாதி நடந்துவிடுகிறது.